கொப்பி பார்க்கிறவள்

டூங்காபி மண்டபத்தை வியாழன் இரவு
பத்து மணி வரைக்கும்தான் தருவார்கள்.
சுவரில் சனிக்கிழமைப் பள்ளியின் உயிரெழுத்து அட்டை,
ஔவுக்கு மேலே ஒரு ஹீட்டர்.
அது சூடேறும்போது ஒத்திகை முடிந்துவிடும்.

நான் நடிப்பதில்லை.
திரையோரத்தில் நின்று கொப்பி பார்க்கிறவள்.
யாருக்காவது சொல் தவறினால்
முதல் எழுத்தை மட்டும் மெல்லக் கொடுப்பேன்,
மிச்சத்தை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

முதற்காட்சி இதுதான்:
மேசை. சோறு. மூத்தவன் சாப்பிடவில்லை.
"என்னண்ணா?" என்கிறாள் தங்கை.
"ஒண்டுமில்லை."
அவ்வளவுதான் யோகாம்பிகை எழுதியது.

நிரூபன் கேட்டான்,
ஈஸ்டர்ன் கிறீக்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்,
எடை தெரியாமல் எதையும் தூக்காதவன்:
"இவனுக்கு என்ன கவலை அக்கா?
தெரிஞ்சால்தானே முகத்தில வைக்கலாம்."

மருந்தாளர் சுகிர்தா மனச்சோர்வு என்றாள்,
மாத்திரையின் பெயரையும் சொன்னாள்.
கணக்காளர் சேவியர்தாசன் கடன் என்றார்.
பிறகு யாரோ
"சண்டையில ஆரையோ பறிகொடுத்திருப்பான்" என்றதும்
எல்லோரும் தலையாட்டினோம்,
நானுந்தான்.

யோகாம்பிகை கம்பளித் தொப்பியைக் கழற்றவில்லை.
வெஸ்ட்மீட்டில் இரவு வேலை, பத்தரைக்கு ரயில்.
"இந்தத் தலையாட்டலுக்குத்தான் நான் பயப்பிடுறன்.
காரணத்தைச் சொன்னால் சனம்
'ஓ, அதுவா' எண்டு சாய்ஞ்சு இருந்திடும்.
சொல்லாட்டி முன்னுக்கு வரும்.
அதோட, மூண்டாம் காட்சியைப் பாருங்கோ.
தம்பி நீட்டுற பத்திரத்தில
வாசிக்காமலே கையெழுத்து வைக்கிறான்.
சந்தோசமா இருக்கிற மனிசன் வாசிச்சிருப்பான்."

அதன்பின் ஒருவரும் கேட்கவில்லை.
நான் மட்டும் குனிந்துகொண்டேன்.
என்னிடம் இருந்தது பழைய கொப்பி.
அதில், சிவப்புக் கோட்டுக்கு அடியில்,
இன்னும் வாசிக்கலாம் மூன்று வரிகளை.
போர் இல்லை. கடன் இல்லை.
சின்ன விஷயம்.
வாசித்த நாளில்
அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஓகஸ்ட். மேடை இரவு.
வெளியே வாட்டில் பூத்து
கார்க் கண்ணாடியெல்லாம் மஞ்சள் தூள்.
உள்ளே இருநூறு கதிரை, இரவல் வாங்கியதும் சேர்த்து.

"என்னண்ணா?" என்றாள் சுகிர்தா.
நிரூபன் வாயைத் திறந்தான்.
இரண்டு மாதமாய்ச் சொன்ன ஒற்றைச் சொல்
வரவில்லை.

என் விரல் நின்ற இடம் சிவப்புக் கோடு.
எப்படி என்று இன்றுவரை தெரியாது,
முதல் எழுத்தல்ல,
மூன்று வரியையும் கொடுத்துவிட்டேன்.

கேட்டது அவனுக்கு. காதுமடல் சிவந்தது.
ஓரத்துக்குத் திரும்பி என்னைப் பார்த்தான்
பாரம் இவ்வளவுதானா என்பதுபோல்,
இல்லை, இவ்வளவா என்பதுபோல்.
சொல்லவில்லை.

பின்வரிசையில் ஒரு குழந்தை
சப்பாத்தால் கதிரையை உதைத்துக்கொண்டிருந்தது.
அதுவும் நின்றது.
பிறகு மண்டபம் முழுக்க
கதிரைக் கால்களின் மெல்லிய கிறீச்.
முன்னுக்கு வருகிறார்கள்.

அப்போதுதான், எந்தக் கொப்பியிலும் இல்லாத வசனம்:
"சோறு ஆறிப்போச்சு, பிள்ளை."

முடிந்ததும் தேநீர் மேசையடியில்
ஒருவர் வந்து அவன் கையைப் பிடித்தார்,
"மகள் வீட்டை விட்டுப் போனதுதானே?"
இன்னொருத்தி, குரலைத் தாழ்த்தி,
"ரிப்போர்ட் வந்திட்டுது, வீட்டில சொல்லேல்லை, என்ன?"
எல்லோருக்கும் ஓம் என்றான் நிரூபன்.
கதிரைகளை ஐந்தைந்தாய் அடுக்கினான்.

என்னைக் கடக்கையில்
"நீங்கள் அதைச் சொல்லியிருக்கக் கூடாது அக்கா."
"ஓம்," என்றேன்.

யோகாம்பிகை வேலைக்கு ஓடியிருந்தாள்.
ஹீட்டரை நிறுத்தப் போனபோது கண்டேன்,
ஜன்னல் விளிம்பில் அவளுடைய கடதாசித் தட்டு.
இரண்டு ரோல்ஸ், கடிக்காமல்.