ஐநூற்று முப்பத்திரண்டு

ஹாமில்டனில் பெப்ரவரி.
தெருவெல்லாம் உப்பு.
என் காருக்குப் பத்து வயது,
கதவின் அடிவிளிம்பில் விரல் வைத்தால்
தவிட்டு நிறத்தில் உதிர்கிறது.

ஆய்வுகூடத்தில் நான் அளப்பதும் துருதான்.
சீனி வருத்தம் உள்ளவர் நாற்பது பேர்,
இல்லாதவர் நாற்பது பேர்,
எல்லோருக்கும் பெயருக்குப் பதில் எண்.
குருதியைச் சுழற்றி
மேலே தெளியும் மஞ்சளை மட்டும் உறிஞ்சி
அமிலம் விட்டு
தொண்ணூற்றைந்து பாகையில் ஒரு மணி நேரம் வேகவைத்தால்
உள்ளே கொழுப்பு எவ்வளவு கெட்டதோ
அவ்வளவு ரோஜா நிறம்.
ஐநூற்று முப்பத்திரண்டு நனோமீற்றரில் கண் வைத்து
கருவி அதற்கொரு எண் சொல்லும்.
நானென்றால் சர்பத் என்பேன்.
தண்ணீர் கூடிய சர்பத்,
கல்யாண வீட்டுச் சர்பத்.

டிசம்பரில் இல்லாதவர் அணியில்
ஓர் ஆள் குறைந்தது.
"நீ கொடேன்" என்றாள் ஷெரில்.
சீனி வருத்தம்? இல்லை, என்று கோடிட்டேன்.
யாரும் சோதிக்கவில்லை.
நானும்தான்.
இடது முழங்கையில் சின்னதாய் ஒரு நீலம்,
அதன்பின் நான் முப்பத்தெட்டு.

இன்றைய தட்டில்
யார் எந்தக் குழியென்று பார்க்கக் கூடாது.
விதி அது. ஆனால்
என் எண் எனக்குத் தெரியுமே.
நாலாம் வரிசை, வெளிறியவர்களுக்கு நடுவே
முப்பத்தெட்டு:
கல்யாண வீடு.

பிப்பெட்டைக் குறை சொல்லி
மறுபடி செய்தேன். மறுபடியும்.
இந்த நிறம் நோய்க்குச் சாட்சியல்ல,
புகைப்பவனுக்கும் வரும்,
நித்திரை கெட்டவனுக்கும் வரும்.
புதிதாய் வருபவர்களுக்கு
நானே சொல்லிக்கொடுக்கும் வாக்கியம்.

ஷெரிலின் இழுப்பறையில்
அவள் தாய்க்கு வாங்கிய மீற்றர் ஒன்று கிடந்தது.
பதினாலு தசம் இரண்டு.

இரவில் ஏன் நாலு தரம் எழும்புகிறாய் என்று
பகீரதன் கேட்டது நினைவுக்கு வந்தது.
தேத்தண்ணீர் கூடிப்போச்சு என்றிருந்தேன்.

மாலையில் ஷெரில் அட்டவணையைத் திறந்து
என் வரியை அழித்தாள்.
மெதுவாகத்தான் அழித்தாள்.
மற்ற அணியிலும் இடமில்லை,
நாற்பதும் நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு நேரே போகவில்லை.
பார்ட்டன் தெருவில் கார் கழுவும் வரிசையில் நின்றேன்,
முன்னால் ஏழு வண்டி,
எல்லாவற்றிலும் வெள்ளை பூத்திருந்தது.
அடிப்பாகமும் சேர்த்தா?
திரை கேட்டது,
நாலு டொலர் கூட.
மூன்று குளிர்காலமாய் வேண்டாமென்று அழுத்திய விரல்,
நுனியில் இன்னும் ஊசிப்புள்ளி.
ஆம்.