காந்தம் ஒட்டாத இடம்

கதவு ரப்பரைப் பிதுக்கி
ஒயரை வெளியே எடுத்தான் பெள்ளிராஜ்.
தீப்பெட்டியளவு ஆண்டெனா, அடியில் காந்தம்.
"கூரையில வச்சா தானாப் புடிச்சுக்கும்ணா.
சாட்டிலைட்டுக்கு வானம் தெரிஞ்சாப் போதும்."

வைத்தான்.
வழுக்கி வந்து வைப்பர்மேல் விழுந்தது.
பனி ஈரம் என்று துடைத்து
மறுபடி வைத்தான். மறுபடியும்.

விரல் முட்டியால் கூரையைத் தட்டினான்
பலாப்பழம் பார்ப்பவன்போல.
முன்பக்கம் தொப். நடுவிலும் தொப்.
"அண்ணா, தகரத்தவிட பட்டிதான் அதிகம்.
வண்டி ஒருதரம் தலகீழாக் கெடந்திருக்கு."

கீறல் படாத வண்டி என்று
பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்
புரோக்கர் காதர்மைதீன்.
ஏழு வருஷம்
அந்தப் பட்டிக்குக் கீழேதான்
தலையை வைத்து ஓட்டியிருக்கிறேன்.

கடைசியில் பின்மூலையில்
உள்ளங்கை அகலத்துக்கு நல்ல தகரம்.
டக்.
எண்பத்தெட்டு புள்ளி ஒன்றுக்குத் திருகினால்
இரைச்சல், இரைச்சல்,
பிறகு யாரோ வீணைக்குச் சுருதி சேர்ப்பது
பக்கத்து சீட்டிலிருந்து வருவதுபோல்.
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டராம்.
கோத்தகிரி மார்க்கெட்டில்
கேரட் மூட்டை இறக்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
பெள்ளிராஜ் கூலி இருநூறு கேட்டான்,
முந்நூறு கொடுத்தேன்.

சாயந்திரம் மேட்டுப்பாளையம் சவாரி.
குஞ்சப்பனைக்குக் கீழே ஒரு வளைவில்
மலை குறுக்கே வந்ததும்
ராகம் பாதியில் நின்றது.
"என்னாச்சு?" என்றார் பின்சீட்டுக்காரர்.
"மறைக்குது சார், திரும்பினா வரும்."

தடுப்புச்சுவரில் அந்த இடம் மட்டும்
வேறு சிமெண்டு, கொஞ்சம் வெளுப்பாக.
எப்போதும் இருந்ததுதான்.
இரண்டாவது கியருக்கு மாற்றினேன்.