தாமதத்திற்கான காரணம்

இடுப்புப் பையில் கைப்பேசி அதிர்கிறது.
மூன்றாம் தளம், பன்னிரண்டாம் படுக்கை,
எக்ஸ்ரே அறைக்கு. ஏழு நிமிடம்.

ஷ்செச்சின் நகரத்து மருத்துவமனையில்
நான் கட்டில் தள்ளுகிறவள்.
பத்தொன்பது வருடம்
அடுத்தது யார் என்று ரிஷார்ட் சொன்னான்.
போன டிசம்பரிலிருந்து இது சொல்கிறது.

உள்ளதைச் சொல்ல வேண்டும்:
ரிஷார்டுக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள்.
பிணவறைக்கு எப்போதும் நான்தான் போனேன்,
அவன் மைத்துனன் ஒருநாளும் போனதில்லை.
இதற்கு மைத்துனன் கிடையாது.
வந்த வாரமே,
தாழ்வாரத்தில் எல்லோரும் மறந்துவிட்ட ஒருத்தியை
'இந்தக் கட்டில் நாற்பது நிமிடமாய் நகரவில்லை' என்று
கண்டுபிடித்துக் கொடுத்தது.
குளிரில் அவள் விரல்கள் நீலம் பாரித்திருந்தன.
அன்று ஒருநாள் அதன்மேல் எனக்குப் பிரியம் வந்தது.

ஆனால் ஏழு நிமிடம்.
நிறைமாதக்காரிக்கும் ஏழு,
தொடையில் கம்பி கோத்தவனுக்கும் ஏழு.
என் கட்டிலில் ஒரு சக்கரம் கோணல்,
அது யார் கணக்கில்?

பன்னிரண்டில் போகுமில்.
துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர்,
ஆறு வாரமாய் மேற்கூரையைப் பார்த்தே கிடக்கிறார்.
"லிஃப்டைத் தாண்டி ஒரு ஜன்னல் இருக்கிறதாமே?"

கட்டில் நுழைகிற ஒரே லிஃப்ட் கிழக்கில்.
அதைத் தாண்டிப் பத்தடி.
தள்ளினேன். தலைமாட்டை உயர்த்தினேன்.
ஓத்ரா ஆற்றின்மேல் மூடுபனி,
அதற்கும் மேலே கிரேன்களின் கழுத்து.

"இடமிருந்து நாலாவது. அதற்கு பிரேக் சரியில்லை.
சொன்னேன், எவன் கேட்டான்?"
அப்புறம் பேசவில்லை.
போர்வைமேல் வலது கை மட்டும்
எதையோ பிடித்து
மெதுவாக முன்னே தள்ளியது.

பதினோரு நிமிடம்.
திரை சிவந்தது: தாமதத்திற்கான காரணம்?
ஆறு காரணம் காட்டி ஒன்றைத் தொடச் சொன்னது.
ஜன்னல் அதில் இல்லை.
'லிஃப்ட் கோளாறு' என்று தொட்டேன்.

மறுநாள் வேறொருவர். அதற்கடுத்த நாளும்.
புகைக்க ஒதுங்கிய இடத்தில் ஹல்ஷ்காவிடம் சொன்னேன்,
அவள் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறாள்.
கிழக்கு லிஃப்ட் ஓயாமல் பழுதாயிற்று.

மெக்கானிக் வந்தான்.
ஏறினான், இறங்கினான், கப்பியைத் தட்டிப் பார்த்தான்,
கதவுக்கு எண்ணெய் போட்டான், அது கேட்காமலே.
பிறகு ஜன்னலருகே நின்று
ரொட்டியைப் பிரித்து முழுக்கத் தின்றான்.
படிவத்தில் என்ன எழுதினானோ.

மார்ச்சில் ஒரு காலை.
மூன்றாம் தளம், பன்னிரண்டாம் படுக்கை,
எக்ஸ்ரே அறைக்கு.
பதினோரு நிமிடம்.
அதுவாகவே கொடுத்தது. நான் இரண்டு முறை படித்தேன்.

பன்னிரண்டில் இப்போது வேறு ஆள்,
வாய் பிளந்து தூங்குகிறார்.
ஆனாலும் பத்தடி தள்ளிப்போய் நிறுத்தினேன்.
மூடுபனி இல்லை.
இடமிருந்து எண்ணினேன்.
நாலாவது நின்றுகொண்டிருந்தது.