முதுகுப் பக்கம்

என் வேலை தூக்கிப் பிடிப்பது.
பழுப்பு அங்கி, ரப்பர் அடிச் செருப்பு.
வியாழக்கிழமைதோறும் ஹாயிக் ஏலக்கூடத்தில்
கைக்கு வந்ததை நெஞ்சு உயரம் தூக்கி
கூட்டத்தின் பக்கம் முகம் திருப்புவேன்.
எனக்குக் கிடைப்பது எப்போதும் முதுகு.

முகத்தில் மஹோகனி மினுக்கும் அலமாரி
முதுகில் வெறும் பைன் என்று ஒப்புக்கொள்ளும்.
நெட்டைக் கடிகாரத்தின் உள்கதவில்
பழுது பார்த்தவர்கள் பென்சிலால் எழுதிய தேதிகள்.
நிலைக்கண்ணாடிக்குப் பின்னால்
பாதரசம் உதிர்ந்த தேமல்.
பீங்கான் நாயின் வயிற்றடியில் ஒரு பொத்தல்,
சூளையில் வெடிக்காமலிருக்க அது மூச்சுவிட்ட வழி.
பதினெட்டு வருஷம் பார்த்தாயிற்று.

இன்று கேர்ன்ஷா மாளிகை காலியாகிறது.
வெளியே மழை, உள்ளே நனைந்த கம்பளிக் கோட்டு வாடை.
மர்டோ கெடஸ் மேடையேறி மூக்குக்கண்ணாடி துடைக்கிறார்.
சாப்பாட்டு நாற்காலி பன்னிரண்டு,
அதில் நேராக நிற்பது பதினொன்று.
வெள்ளி போல் ஒரு தேநீர்த் தட்டு.
பிறகு ஒரு பெட்டி நிறையச் சாவிகள்,
எந்தப் பூட்டுக்கென்று யாருக்கும் தெரியாது.
கடைசி வரிசையில் அந்த வீட்டு மகன்
அதற்கு மட்டும் கை தூக்கினான்.
எதிர்த்துக் கேட்க ஆளில்லை.

நூற்று எண்பத்தேழு.
'பெயர் தெரியாத சீமாட்டி. கித்தானில் எண்ணெய் வண்ணம்.
பொன்முலாம் சட்டம், மூலையில் சிறு சேதம்.'
தூக்கினேன். கனமெல்லாம் சட்டத்தில்தான்.

என் மூக்குக்கு நேரே
நூலாம்படை, மூலையில் மர ஆப்பு,
பழைய ஏலச்சீட்டுகள் மூன்று.
அவற்றுக்குக் கீழே பென்சில் எழுத்து,
ஓவியனின் கூலிக்கணக்காக இருக்க வேண்டும்:
'அம்மாள் உட்கார மறுத்தார்.
முகத்துக்கு மட்டும் அரைமணி தந்தார்.
பட்டு உடுத்தி அமர்ந்தது பால்கொட்டகை ஜீன் பர்வஸ்.
கைகளும் அவளுடையவை.
நாலு நாள். எட்டு பென்ஸ்.'

படம் எனக்குத் தெரியாது.
பார்ப்பவர்களைப் பார்த்துத்தான்
எதைப் பிடித்திருக்கிறேன் என்று ஊகிப்பேன்.
பச்சைத் தொப்பிக்காரி உதட்டைப் பிதுக்கினாள்.
லண்டனோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள்
வேண்டாமாம் என்று தலையாட்டினாள்.
ஒரு சிறுமி மட்டும் படத்தைப் பார்த்துவிட்டு
தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

சொல்லியிருக்கலாம்.
இருநூறு வருஷம் சுவரைப் பார்த்துக் கிடந்த பெயர்
என் தொண்டை வரை வந்து நின்றது.
தூக்குகிறவன் வாய் திறக்கக் கூடாது என்பது கூடத்தின் வழக்கம்.
திறந்தால் விலை ஏறுமா இறங்குமா
என்பதும் தெரியவில்லை.
'அறுபது பவுன். எழுபது.
எழுபத்தைந்து, கதவருகே.
ஒருதரம்.
இரண்டுதரம்.'
மூன்றாவதைச் சுத்தியல் சொன்னது.

எடுத்தவர் ட்வீடி, கண்ணாடி வியாபாரி.
வண்டிக்கொட்டகையில் ஒரு குறடு, நாலு ஆணி, இரண்டு நிமிஷம்.
'எடின்பரோவில் ஒரு கண்ணாடி
இந்தச் சட்டத்துக்காகக் காத்துக்கிடக்கு' என்றார்.
கித்தானை என் பக்கம் தள்ளினார்.
'அடுப்புக்கு ஆகும்.'

அப்போதுதான் முன்பக்கம் பார்த்தேன்.
முகம் முகம்தான்,
வேறெங்கோ போக அவசரப்படும் அரைமணி முகம்.
நீலப் பட்டு மடியில் கைகள்.
கணுக்கள் சிவந்து,
கட்டைவிரல் நகத்தில் ஒரு பிளவு,
சும்மா இருக்கப் பழகாமல்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு.
அழகாக்க ஓவியனுக்கு நேரமில்லையோ,
நாலு நாளில் மனசு வரவில்லையோ.

ஐந்தே முக்கால் பஸ்.
சாக்கில் சுற்றிய அதை ஏற்ற
கதவருகே தடுமாறினேன்.
'என்னப்பா அது, மேசைப் பலகையா?' என்றான் டிரைவர்.
'ஒரு பெண்.'
'பேரு?' விளையாட்டாகத்தான் கேட்டான்.
கூடத்தில் வராதது அங்கே வந்தது.
'ஜீன் பர்வஸ். பால்கொட்டகை.'

முன் இருக்கைக்காரர்
நனைந்த குடையை எடுத்துக் காலடியில் வைத்து
சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.