மூன்றாம் ஞாயிறு

பகலில் நான் மருத்துவர்களின் கிறுக்கலை வாசிப்பவள்.
தோ பாயோ பலதுறை மருந்தகம், ஐந்தாம் முகப்பு.
ஒன்றா ஏழா, நாளுக்கா வாரத்துக்கா,
ஐயம் வந்தால் ஊகிக்கக் கூடாது.
தொலைபேசியை எடுத்துக் கேட்டுவிட வேண்டும்.

இரவில் இன்னொரு கையெழுத்து.
என் கணவர் டெரில் ராங்கின், யுரேசியர்.
அவருடைய அத்தை மெவிஸுக்கு எண்பதாம் பிறந்தநாள்,
வம்சாவளியைச் சட்டம் போட்டுத் தர வேண்டும்
கத்தோங் வீட்டு வரவேற்பறைக்கு.
தஞ்சோங் பகாரில் வந்திறங்கிய கப்பல் பொறியாளர் வரை
எல்லாம் தட்டச்சில் கிடைத்தது. அதற்கு மேலே
ஸ்காட்லாந்து, கடலோரம், ஒரு மீன்பிடி ஊர்,
ஆயிரத்து எழுநூற்று எண்பத்தேழு,
மையும் ஈரமும்.

முதல் வாரம் ஒன்றும் பிடிபடவில்லை.
எஸ் அங்கே எஃப் போல நிமிர்ந்து நிற்கிறது.
பாதிச் சொல்லை எழுதிவிட்டு மீதியை
வரிக்கு மேலே கொசுவாகப் பறக்கவிடுகிறார் குமாஸ்தா.
பிறகு பழகிற்று. புள்ளியில்லாத சுவடியை
நம் ஆட்கள் வாசித்ததும் இப்படித்தானோ:
எழுத்தைக் கூட்டிச் சொல்லை அல்ல,
சொல்லைப் பிடித்து எழுத்தை.

அவர்கள் திருமணத்தை எழுதி வைக்கவில்லை.
வரப்போகிறது என்பதைத்தான் எழுதினார்கள்.
எங்கள் சபையில் ஓலை வாசிப்பதைப் போல
மூன்று ஞாயிறு கூவ வேண்டும்.
அதற்கும் முன்னால் மாப்பிள்ளை பணத்தை அடகு வைக்க வேண்டும்:
நாற்பது நாளில் கட்டிக்கொண்டால் திரும்பி வரும்,
இல்லையேல் ஏழைகள் பெட்டிக்கு.

டேவிட் ராங்கின். எல்ஸ்பெத் இம்ரி. இருவரும் இவ்வூரார்.
நவம்பர், முதல் ஞாயிறு, சரி.
இரண்டாம் ஞாயிறு, சரி.
மூன்றாவதற்கு ஒரு மைத்தீற்றல்.
ஓரத்தில், அடகுப்பணம் என்று தொடங்கி
ஒரே ஒரு வினைச்சொல்.

ஆங்கிலத்தில் திருப்பிக் கொடுத்ததும்
பிடித்து வைத்துக்கொண்டதும்
ஒன்றுபோலத் தொடங்கி ஒன்றுபோல முடிகின்றன.
ரிடர்ன்ட். ரிடெய்ன்ட்.
நடுவிலிருந்ததைப் பூச்சி தின்றுவிட்டது.
கடுகளவு துளை; அதன் வழியே
அடுத்த தாளில் வேறு யாருடைய பெயரோ தெரிகிறது.

பெரிதாக்கினேன். நிறத்தை மாற்றினேன்.
குமாஸ்தாவின் மற்ற யு-க்களையும் ஏ-க்களையும்
வெட்டியெடுத்து வரிசையாக அடுக்கினேன்.
கேட்டுவிடலாம் என்றால் எந்த எண்ணை அழுத்துவது?

அடுத்த மே மாதம் ஒரு ஞானஸ்நானம்.
மகன். தாய் எல்ஸ்பெத், தகப்பன் டேவிட்.
விரல்விட்டு எண்ணினேன், நவம்பரிலிருந்து.
முறையாகப் பிறந்த என்ற வழக்கமான சொல் இல்லை.
ஆனால் அதைச் சோம்பலில் பலருக்கும் விட்டிருக்கிறார் மனுஷன்.

"மணந்தார்கள் என்றே போட்டுவிடு.
அத்தைக்கு எண்பது வயது," என்றார் டெரில்.
நான் பேசவில்லை. அவர் பாத்திரம் கழுவப் போனார்.
கொஞ்ச நேரத்தில் குழாயை நிறுத்திவிட்டு
"நம்முடையதும் இரண்டு தடவை," என்றார்.

ஆமாம். பதிவகத்தில் நாங்கள் கொடுத்த முதல் அறிவிப்பு
மூன்று மாதத்தில் காலாவதியாயிற்று,
நாற்பத்திரண்டு வெள்ளியோடு.
பழைய விமான நிலையச் சாலை உணவங்காடியில்
மீன் சூப் ஆறிப்போக நடந்த சண்டை.
எதற்கென்று மறந்துவிட்டதாகத்தான்
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம்.
எட்டு மாதம் கழித்து மறுபடி அதே படிவம்,
அதே இரண்டு பெயர்கள்.
இருநூறு ஆண்டு கழித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பவள்
எங்களைப் பற்றி என்ன நினைப்பாளோ.

சட்டத்துக்குள் இப்படி அச்சிட்டேன்:
"இருமுறை கூவப்பட்டனர்."
ஏட்டில் இருப்பது அவ்வளவுதான்.

மெவிஸ் அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டு
அந்த வரியில் விரலை வைத்தார்.
"இரண்டு தடவையா!" என்றார். "அவ்வளவு அவசரமா
அந்தப் பையனுக்கு!"
சுஜி கேக் தட்டு என் பக்கம் வந்தது.
ஊகிக்கக் கூடாது என்று
நான் சொல்லவில்லை.