அறிக்கையின் நான்காம் பக்கம்

பேர்க்டோர்ஃப். செவ்வாய்க்கிழமை, பத்தேகால்.
மூன்றாம் மாடிக் கதவடியில் சப்பாத்தைக் கழற்றி
அவர்களுடைய சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வைக்கிறேன்,
சற்றுத் தள்ளி.
நான் விருந்தாளி அல்ல, வீட்டாளும் அல்ல.
எனக்குச் சம்பளம் தருவது கன்டோன்.

ஆரூரனுக்கு மூன்று வயதும் இரண்டு மாதமும்.
கழுத்து இன்னும் தலைக்கு இணங்கவில்லை.
கையைத் தொடுமுன் கேட்கிறேன்: "தொடட்டா?"
இமை ஒருமுறை விழும்வரை காத்திருக்கிறேன்.
சில நாள் விழுவதில்லை.
அன்றைக்குத் தொடுவதில்லை.
"பயிற்சி நடைபெறவில்லை" என்று
குறிப்பேட்டில் எழுதிவிட்டு
அவனருகே சும்மா இருந்துவிட்டு வருகிறேன்.

இன்று பயிற்சி இல்லை.
வெள்ளிக்குள் காப்புறுதிக்கு அறிக்கை போகவேண்டும்.
டொச்சில் எழுதியதை, அனுப்புமுன்,
சுகிர்தாவுக்குத் தமிழில் வாசிக்கிறேன்.
அப்படிச் செய் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

போன வருடம் வாசிக்காமல் அனுப்பினேன்.
பிரதி இந்த வீட்டுக்கும் வந்தது.
பத்து வயதுப் பிரணவி உறையைக் கிழித்து,
தெரியாத சொல்லுக்குப் போனைத் தட்டித் தட்டி,
தாய்க்கு மொழிபெயர்த்துக் கொடுத்தாள்
தன் தம்பியை.

இருக்க முடியாது.
பிடிக்க முடியாது.
விழுங்கச் சிரமம்.
"முடியாது"வுக்குத்தான் பணம்.
ஒன்று குறைந்தால் கதிரை வராது,
இரண்டு குறைந்தால் என் மணித்தியாலங்களில் வெட்டு விழும்.
அதனால் ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறேன்.
நேர்மையாகத்தான்.

சுகிர்தா பூசணிக்காயை முள்ளுக்கரண்டியால் மசித்தபடி கேட்கிறாள்.
நான்காம் பக்கத்தில் கை நிற்கிறது.
"எல்லாம் உண்மைதான் அக்கா. நான் மறுக்கேல்லை.
ஆனா இதை வாசிச்சிட்டு ஆரும் வந்து கதவைத் தட்டினா
அந்தப் பிள்ளை இஞ்ச இல்லையெண்டுதான் சொல்லுவன்."

பிறகு:
"பஸ் கதவு பூட்டுற சத்தத்துக்குச் சிரிப்பான்.
ஒவ்வொருக்காவும். அதை எழுதுங்கோ."

அதற்குக் கட்டம் இல்லை.
கடைசியில் "வேறு அவதானங்கள்" என்று
இரண்டு வரி, அவ்வளவுதான்.
அதோடு, சொல்லாமல் விடக்கூடாத ஒன்று:
சத்தம் கேட்டுச் சிரிக்கிறான் என்றால்
யாரோ ஒருவர் அங்கே மேசையில் இருந்து
"முன்னேற்றம்" என்று குறித்து
ஏதாவதைக் குறைக்கலாம்.
சொன்னேன்.

அவள் நெடுநேரம் பேசவில்லை.
பூசணி ஆறிப்போயிற்று.
ஆரூரன் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்ப முயன்றுகொண்டிருந்தான்,
நான் எழுந்து உதவவில்லை,
அவன் முயன்றுகொண்டிருந்தான்.

"அப்ப ரெண்டையும் எழுதுங்கோ," என்றாள்.
"ரெண்டும் உண்மைதானே."

எழுதினேன்.
பஸ் கதவு. சிரிப்பு. ஒவ்வொரு முறையும்.
டொச்சில் அது பதினொரு சொல்.
என் மேலாளர் ரூக்செக்கர் அம்மா கேட்பார்:
இதன் பயன் என்ன?
என்னிடம் இன்னும் பதிலில்லை.

தரிப்பிடத்தில் ஒரு தெரிந்த முகம்.
"நகுலேஸ்வரன் வீட்டிலிருந்தோ வாறீர்?
அந்தப் பொடியனுக்கு உண்மையிலை என்னவாம்?"
"இண்டைக்குக் குளிர் கூடத்தான்," என்றேன்.
அவருக்குக் கோபம்.
வருகிற திருவிழாவில் என்னோடு கதைக்கமாட்டார்.

எட்டுக் கிழமையில் முடிவு வரும்.
என்னவென்று தெரியாது.
அதற்கு முதல் பிரதி வரும்.
இந்த முறையும் தாயை முந்திக்கொண்டு
பிரணவிதான் உறையைக் கிழிப்பாள்.

முதல் மூன்று பக்கத்தையும்
அவள் கடந்துதான் வரவேண்டும்.