மிச்சக்காசு

முதலில் பெல் கயிறு எட்டவில்லை.
எட்டாத உயரமில்லை அது,
பதினோராண்டாய்ப் பார்க்காமலே பிடித்த கயிறு.
கை தோளுக்கு மேலே போன அந்த ஒரு சாணில்
கதவிடுக்கில் விரல் நசிந்த மாதிரி.
"போ, ரைட்" என்று வாயால் கத்தினேன்.
அருள்நேசன் அண்ணை கண்ணாடியில் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.

அரிசி மூட்டை, உரப்பை, சைக்கிள்,
ஒருமுறை ஒரு தையல் மெசின்,
எல்லாம் கூரைக்கு ஏற்றிய கை.
இப்ப சேட்டை மாட்டவும் மனிசி வர வேணும்.
வலப்பக்கம் புரண்டு படுத்தால்
இரவில் நாய் குரைக்கிற நேரமெல்லாம் பாடம்.

மாங்குளம் ஆசுப்பத்திரியில் நிரோஜினி மிஸ்
கிளினிக் துண்டின் பின்பக்கம் கீறிக் காட்டினா:
எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவே
வெற்றிலை மாதிரி மெல்லிய ஒரு பை.
உள்ளே ஒரு சொட்டு வழுவழுப்பு,
உரசாமல் இருக்க.
"பாரம் தூக்கித் தூக்கி அது வீங்கிட்டுது.
இப்ப கை உயர, எலும்பு அதை நசுக்குது."

எங்கள் பக்கம் குளம் நிரம்பினால்
பொங்கல் வைப்போம்.
முத்தையன்கட்டு வான் பாயுதென்றால்
வேலையை விட்டுப் போய்ப் பார்ப்போம்.
இந்தக் குளத்துக்கு வான்கதவு இல்லை.

"கட்டித் தொங்கவிடாதேங்கோ, மூட்டு இறுகிடும்.
தலைக்கு மேலே தூக்காதேங்கோ.
ஐஸ் வையுங்கோ. குளிசை சாப்பாட்டுக்குப் பிறகு.
ஆறு கிழமையில் சரிவராட்டி ஊசி பாப்பம்."

ஐசுக்கு எங்கே போக?
விடிய ஐந்தரை பஸ்ஸில் மீன்பெட்டியோடு வருகிற மரியநாயகம்
ஒரு கை அள்ளித் தந்தான்.
துவாயில் சுற்றித் தோளில் வைத்தேன்.
முள்ளியவளை வரைக்கும் சுகம்.
பிறகு ஏறின பள்ளிப் பிள்ளைகள்
மூக்கைப் பொத்தினார்கள், சூடை மணம்.

மாங்குளம் தரிப்பில் இருபது நிமிசம்.
சீற் கம்பியில் இடக்கையை ஊன்றிக் குனிந்து
வலக்கையைச் செத்த பாம்பாய்த் தொங்கவிட்டு
சின்ன வட்டம், பிறகு மற்றப் பக்கம்.
சோடாக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்:
"என்னடாப்பா, காசு விழுந்துட்டுதோ?"

சனத்துக்கு நடுவே நீட்ட வலக்கை வராது.
வாங்கியதும் கொடுத்ததும் இடக்கையால்.
நெற்றி நிறையத் திருநீற்றோடு ஒருவர்
நோட்டைத் திரும்ப மடியில் வைத்தார்:
"சோத்துக்கை இல்லையோ?"
இருக்குது ஐயா, லீவில நிக்குது.

ஒட்டுசுட்டானில் ஏறுகிறவ,
வலது சட்டைக்கையை முழங்கையோடு மடித்துக் குத்தியிருப்பா.
காசை எப்போதும் பக்கத்துச் சீற்றில் வைப்பா,
நான் பொறுக்கி எடுப்பேன்.
எத்தனை வருசம். ஏனென்று யோசித்ததில்லை.
அன்றைக்கு என் இடக்கை நீளுவதைப் பார்த்தா.
நூறு ரூபாய்த் தாளைத் தன் இடக்கையால்
நேரே என் உள்ளங்கையில் வைத்தா.
"உமக்கு என்ன?"
"ஒரு சின்னப் பை. வீங்கிட்டுது."
"மாறுமோ?"
"மாறுமாம்."
யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா.

மிச்சம் இருபது கொடுக்கவில்லை என்று
கரிப்பட்டமுறிப்பு தாண்டித்தான் தெரிந்தது.
அவ அதற்குள் இறங்கியிருந்தா.
அது புறம்பாய்ச் சேட்டுப் பையில் கிடக்குது.

இது நாலாம் கிழமை.
இன்றைக்குக் கயிற்றை விரல்நுனி தொட்டது.
இழுக்கவில்லை.
வாயால்தான் சொன்னேன், ரைட்.